ஒரு கிலோ சந்து

மிதியிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தாள். மிஷின் இரண்டு தையல் சும்மா ஓடிவிட்டு நின்றது. அவள் காது கட்டில் பக்கம் போனது.

குறட்டை இல்லை.

வெளியே பட்டப்பகல். ஜன்னலில் அவள் ஆணியடித்துத் தொங்கவிட்ட கறுப்புத் தார்ப்பாய்த் துண்டுதான் அறைக்குள் இருட்டை உண்டாக்கியிருந்தது. ராத்திரி ஷிப்ட் முடித்து வந்த புருஷன் மல்லாந்து கிடந்தார். வாய் திறந்திருந்தது. மார்பு எழவில்லை. தொண்டைக்குள்ளே யாரோ கதவைச் சாத்திவிட்டுப் போன மாதிரி ஓர் அமைதி. அவள் நொடிகளை எண்ணமாட்டாள். எண்ணினால் பயம்தான் கூடுகிறது என்று எப்போதோ தெரிந்துகொண்டுவிட்டாள். காலை நீட்டிக் கட்டில் காலில் ஓர் உதை விட்டாள். கட்டில் ஆடியது. தண்ணீரில் முங்கினவன் தலையைத் தூக்குகிற சத்தத்தோடு மூச்சு திரும்பி வந்தது. அப்புறம் குறட்டை, பழைய டீசல் வண்டி மேடேறுகிற மாதிரி. அவளும் மிதியை அழுத்தினாள்.

தைப்பது, நிறுத்துவது, கேட்பது, உதைப்பது. ஒரு வருஷமாக அவளுடைய பகல் இப்படித்தான் போகிறது. லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கிற கடையில் அவளுக்கு வேலை. முதலாளியிடம் மன்றாடி மிஷினை வீட்டுக்கே கொண்டுவந்து போட்டது இதற்காகத்தான். கேட்டவர்களுக்கு முட்டிவலி என்று சொல்லி வைத்திருந்தாள்.

இன்றைக்குத் தைப்பது லாரிக்கு அல்ல, புருஷன் இடுப்புக்கு. நாலு விரல் அகலத்தில் தார்ப்பாய் பெல்ட். சுற்றிலும் சின்னச் சின்னப் பைகள். ஒவ்வொரு பையிலும் ஈயம் போகும். நாளைக்குக் காலையில் ஆஸ்பத்திரியில் கடைசி எடை.

அவர் சரக்கு யார்டில் கிரேன் ஓட்டுகிறவர். கப்பலிலிருந்து வருகிற இரும்புப் பெட்டிகளை மேலே கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து தூக்கி, லாரிமேல் உட்கார வைப்பார். முட்டை மேல் முட்டை வைக்கிற மாதிரி வைப்பார் என்று யார்டில் பேர். உடம்பு மட்டும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போனது. ஏணியில் பாதி வழியில் நின்று மூச்சு வாங்க ஆரம்பித்தார். வயிற்றைச் சின்னதாக்குகிற ஆபரேஷன் ஒன்று இருக்கிறது, கம்பெனியின் இன்சூரன்ஸே செலவை ஏற்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஏற்கும்தான், ஆனால் சும்மா ஏற்காது.

ஆறு மாசம், மாசம் ஒரு எடை. ஒவ்வொரு எடையும் போன எடையைவிடக் கொஞ்சமாவது குறைந்திருக்க வேண்டும். ஒரு தடவை கூடிவிட்டால் ஆள் ஒத்துழைக்கவில்லை என்று ஆறு மாசக் கணக்கு மறுபடியும் முதலிலிருந்து. அதே சமயம் அவர் உயரத்துக்கு நூற்றுப் பதினெட்டு கிலோ ஒரு கோடு. கடைசி எடையில் அந்தக் கோட்டுக்குக் கீழே போய்விட்டால், இவ்வளவு குறைத்துக்கொண்டவருக்கு ஆபரேஷன் எதற்கு என்று கையை விரித்துவிடுவார்கள். போன மாசம் அவர் சரியாக நூற்றுப் பத்தொன்பது. ஆக நூற்றுப் பதினெட்டுக்கும் நூற்றுப் பத்தொன்பதுக்கும் நடுவில் ஒரு கிலோ சந்து. அதற்குள் அவர் புகுந்து நின்றாக வேண்டும்.

புகுந்திருப்பார். அவசரம்தான் கெடுத்தது. ஆபரேஷனுக்கு முந்தி கல்லீரல் சுருங்கவேண்டும், வெறும் மாவு கரைத்த பாலும் தெளிந்த சூப்பும்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எடை முடிந்த பிறகு ஆரம்பித்தால் போதும் என்றும் சொல்லியிருந்தார். இவர் முந்திக்கொண்டு ஆரம்பித்துவிட்டார். வேலையிலும் அப்படித்தான், ஒரு லாரி முந்தியே பெட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருப்பார். நடுவில் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு வேறு. நேற்று தார்ப்பாய்க் கடைத் தராசில் ஏறி நின்றால் முள் நூற்றுப் பதினாறரையில் நிற்கிறது. தின்று ஏற்றலாமென்றால் அதற்கும் வழியில்லை. "கல்லீரல் வீங்கியிருந்தா திறந்த வயித்தை அப்படியே மூடிட்டு வந்துடுவேன்" என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

வாழ்நாள் முழுக்கத் தின்னாதே தின்னாதே என்று பேச்சு வாங்கின மனுஷனுக்கு இப்போது ஒன்றரை கிலோ கடன் வாங்கவேண்டிய நிலைமை.

சாயங்காலம் தம்பி வந்தான். அவளுக்குக் கூடப்பிறந்தவன் அவன் ஒருத்தன்தான். அதே யார்டில் கீழே நின்று பெட்டிகளுக்குக் கொக்கி மாட்டி, மேலே பார்த்துக் கைச்சாடை காட்டுகிறவன். அவனுடைய நிஜப் பேர் யார்டில் யாருக்கும் தெரியாது. 'கொக்கி' என்றால்தான் தெரியும். கையிலிருந்த துணிப்பையைத் தரையில் வைத்தபோது ணங்கென்றது.

"டயர் கடைக்காரன்கிட்ட கேட்டேன். சக்கரத்துல ஒட்டுற ஈயத்துண்டு. உடம்புல ஒட்டியே கெடக்கும், உப்பித் தெரியாது" என்றான். "அக்கா, டீ இருக்கா?"

"இருக்கு. மொதல்ல கையைக் கழுவு. ஈயம்."

கிரேன்காரர் எழுந்து முகம் கழுவிவிட்டு வந்து சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றார். அவள் முட்டிபோட்டு உட்கார்ந்து அளந்தாள். தம்பி ஒவ்வொரு துண்டாக எடுத்துப் பைக்குள் நுழைத்தான்.

"மூச்சை இழுங்க மாமா."

"இழுத்துட்டுத்தான்டா நிக்கிறேன்."

"இதுதான் இழுத்ததா?"

"அடி வாங்குவே."

"என்ன மாமா கணக்கு இது! குறைக்கவும் செய்யணும், குறையவும் கூடாது. மாமியார் வீட்டு விருந்து மாதிரி இருக்கு. தட்டைக் காலி பண்ணாலும் குத்தம், மிச்சம் வச்சாலும் குத்தம்."

"உனக்குத்தான் மாமியாரே இல்லையே, உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்க மாமியார் உங்களை வளர்த்த அழகைப் பாத்துட்டு இருந்தேன்ல."

மூன்று பேரும் சிரித்தார்கள். பெல்ட்டை இறுக்கிக் கட்டிப் பார்த்தாள். சட்டையை இறக்கினால் ஒன்றும் தெரியவில்லை. தம்பி இரண்டடி பின்னால் போய் ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தான், பெட்டி லாரியில் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கிற பார்வை.

"ரெண்டு கிலோ சரியாப் போச்சு. இருந்தாலும் ஒரு துண்டு கூட வச்சிக்கலாம்க்கா."

"வேண்டாம்டா. கூடினாலும் ஆபத்து."

"கொக்கி மாட்டுறவன் கணக்குக்குச் சரியாக் கயிறு கட்டமாட்டான். எப்பவும் ஒரு சுத்து கூட. அதனாலதான் உயிரோட இருக்கேன்." டீயை உறிஞ்சினான். அவனுக்கே ஏதோ ஞாபகம் வந்து சிரித்தான். "இல்லன்னா போன மாசமே போய்ச் சேர்ந்திருப்பேன். உன் வீட்டுக்காரர் பண்ண கூத்தைச் சொன்னாரா?"

"என்ன கூத்து?"

"பெட்டியை என் தலைக்கு மேல அந்தரத்துல நிறுத்திட்டு ஆளைக் காணோம். நான் கையக் காட்டுறேன், காட்டுறேன், ஒண்ணும் அசையல. அது பாட்டுக்கு ஊஞ்சல் ஆடுது. ரேடியோல கத்துறேன், பதிலே இல்ல. மாமா, மேல யாரும் பொண்ணு பாக்க வந்திருக்காங்களான்னு கேட்டேன். கீழ எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க."

"ரேடியோ பேட்டரி போயிடுச்சுன்னு அன்னிக்கே சொன்னேன்ல" என்றார் கிரேன்காரர்.

"சொன்னீங்க, சொன்னீங்க."

அவள் தலையைத் தூக்கவில்லை. பெல்ட்டின் ஓரத்தில் தொங்கின நூலைப் பல்லால் கடித்து எடுத்தாள். நூல் அறுந்த பிறகும் பல்லை விடவில்லை.

தம்பி போனதும் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"இன்னொரு வழி இருக்குன்னு ஆஸ்பத்திரி சிஸ்டர் சொன்னாங்கல்ல" என்றாள்.

"அந்தப் பேச்சை எடுக்காதே."

"சர்க்கரை, பிரஷர், தூக்கத்துல மூச்சு நிக்கிறது, இதுல ஒண்ணு இருந்தாலும் போதும், அந்தக் கோடு ரொம்பக் கீழ எறங்கிடும்னாங்க. இந்தக் கண்றாவி பெல்ட்டே வேண்டாம். ஒரு ராத்திரி அங்க போய்ச் சோதனைக்குப் படுத்தா…"

"படுத்தா என்ன எழுதுவான்? தூக்கத்துல மூச்சு நிக்குது, முழிச்சிருக்கும்போது கண்ணு அசரும்னு எழுதுவான். அது யார்டுக்குத் தெரிஞ்சா மறுநாளே என்னைக் கீழ இறக்கிடுவான். கீழ எனக்கு என்ன வேலை? கேட்ல உட்கார்ந்து வர்றவன் போறவனுக்கு சலாம் போடவா?"

"அன்னிக்குப் பேட்டரி போகல."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். கட்டில் முனகியது.

"உனக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்ல வேணாம். அன்னிக்கு வந்து ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்காமப் படுத்தீங்க. படுத்தும் தூங்கல. ஒரு வருஷமா உங்க தூக்கத்தைக் காவல் காக்கிறவ நான். தூங்காதது தெரியாதா?"

"ஆபரேஷன் ஆகட்டும். உடம்பு எறங்கினா மூச்சு தானா சரியாகும்னு அவங்களே சொல்றாங்க. யாருக்கும் தெரியாமலே முடிஞ்சிடும். அதுவரைக்கும் ஃப்ளாஸ்க் நிறைய டீ கொண்டு போறேன், பச்சை மிளகாயைக் கடிச்சுட்டு உட்கார்ந்திருக்கேன், போதுமா? உன் தம்பிகிட்ட மட்டும் வாயைத் திறந்தே, அப்புறம் இந்த வீட்ல என் பேச்சுச் சத்தம் கேக்காது."

மனசுக்குள் அவளும் அதே கணக்கைத்தான் போட்டு வைத்திருந்தாள். நாளைக்கு எடை சரியாக வந்துவிட்டால் ஒரு மாசத்தில் ஆபரேஷன். ஒரு மாசத்துப் பொய். வரவில்லையென்றால் இன்னும் ஆறு மாசம் இவர் மேலே உட்கார்ந்து கண் அசருவார், கூடப்பிறந்தவன் கீழே நின்று கையைக் காட்டிக்கொண்டிருப்பான். அதனால்தான் ஈய பெல்ட்டுக்கு மறுபேச்சு பேசாமல் மிஷினில் உட்கார்ந்தாள்.

விடிந்ததும் கடைத் தராசில் பெல்ட்டோடு ஏறிப் பார்த்தார்கள். துணிச்சுருள் நிறுக்கிற பெரிய மேடைத் தராசு. முள் ஆடி ஆடி நூற்றுப் பதினெட்டரையில் நின்றது. சந்துக்கு நட்டநடு.

"அப்பாடா" என்றான் தம்பி.

"ஆனா ஆஸ்பத்திரி மிஷின் அரை கிலோ கம்மியாக் காட்டும். போன தடவையும் அப்படித்தான்" என்றார் கிரேன்காரர்.

அந்த வார்த்தை மூன்று பேர் மனசிலும் போய் உட்கார்ந்துகொண்டது. அரை கிலோ கம்மியென்றால் நூற்றுப் பதினெட்டு. கோட்டின் மேலேயே ஒற்றைக்காலில் நிற்கிற மாதிரி. ஒரு தும்மல் தும்மினால் கீழே விழுந்துவிடலாம். பெல்ட்டைக் கடைசியாக இழுத்துச் சரிபார்க்கிற சாக்கில், தார்ப்பாய்க்குக் கண் வைக்கிற பித்தளை வளையங்களில் ஒரு கைப்பிடி அள்ளி மடிப்புக்குள் போட்டு, நாலு தையல் போட்டு மூடினாள். சொன்னால் ஆளாளுக்குப் பேச்சு வளரும் என்று சொல்லவில்லை.

தம்பி இரவல் வாங்கி வந்த வேனில் முன்சீட்டில் மூவரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். நடுவில் அவள். கிரேன்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தண்ணீர் கேனை எடுத்துக் குடித்தார். தாகம் போல என்று நினைத்தாள்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கைப்பிடி இல்லாத அகலமான நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. அவரைக் கூப்பிட்டதும் மூன்று பேருமே எழுந்தார்கள்.

"கல்யாணத்துக்குப் போற மாதிரி எல்லாரும் கிளம்பி வந்திருக்கீங்க" என்றார் சிஸ்டர். எடை பார்ப்பதும், அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி இன்சூரன்ஸுக்கு அனுப்புவதும் அந்த அம்மாள்தான். மூக்குக் கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். "சரி வாங்க. செருப்பு, வாட்ச், போன், பர்ஸ் எல்லாத்தையும் அந்த டப்பாவுல போடுங்க. கடைசி எடை. இன்னிக்கு நல்லபடியா முடிஞ்சா எனக்கும் சந்தோஷம்தான்."

கிரேன்காரர் வெறுங்காலோடு மேடையில் ஏறினார். சிவப்பு எழுத்துகள் ஓடின. அவள் அந்த ஓட்டத்தைப் பார்க்காமல் அவருடைய குதிகாலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எண் நின்றதைச் சொல்ல இந்த மிஷினுக்குச் சத்தம் கிடையாது. தலையைத் தூக்கினாள்.

119.8.

சிஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "இறங்கி மறுபடி ஏறுங்க."

இறங்கி ஏறினார். அதேதான்.

"என்னங்க இது? போன மாசம் நூத்திப் பத்தொன்பது. எண்ணூறு கிராம் கூடியிருக்கே. அஞ்சு மாசம் தங்கமா வந்துட்டு, கடைசில இப்படிப் பண்ணிட்டீங்களே! கூடினா மறுபடியும் மொதல் மாசம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா?"

"எப்படி வரும்?" தம்பி வாயைவிட்டுக் கேட்டான். "அரை கிலோதானே கூட வச்சேன்!"

கிரேன்காரர் மேடை மேலிருந்தபடியே திரும்பினார். "நீ எதுக்குடா வச்சே? நான் ஒரு லிட்டர் தண்ணியைக் குடிச்சுட்டு வந்து நிக்கிறேன்!"

"நீங்க எதுக்கு மாமா குடிச்சீங்க?"

"மிஷின் கம்மியாக் காட்டும்னு நான்தானே சொன்னேன்!"

"அதுக்குத்தானே நானும் வச்சேன்!"

அவள் மெதுவாகச் சொன்னாள். "நானும் ஒரு கைப்பிடி பித்தளை வளையம் போட்டேன்."

சிஸ்டர் மூன்று பேரையும் ஒருதரம் வரிசையாகப் பார்த்தார். போய்க் கதவைச் சாத்தினார்.

"சட்டையைத் தூக்குங்க."

பெல்ட்டை அவிழ்த்தது அவள்தான். முடிச்சு கைக்கு வரவில்லை. வந்ததும் கை வழுக்கிப் பெல்ட் தரையில் விழுந்தது. அந்த ஓசை தாழ்வாரத்துக்கே கேட்டிருக்கும்.

"ஏறுங்க."

117.0.

"அதுல ஒரு லிட்டர் தண்ணி" என்றார் கிரேன்காரர், தலையைக் குனிந்தபடி. சிஸ்டருக்குச் சிரிப்பு வந்து அடங்கியது. நாற்காலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"நான் இன்னும் எதையும் தட்டல. ஆனா எதைத் தட்டச் சொல்றீங்க? இரும்போடன்னா கூடிப்போச்சு, ஆறு மாசம் மறுபடியும். இரும்பு இல்லாமன்னா கோட்டுக்குக் கீழ, கதை அதோட முடிஞ்சது. நடுவுல ஒரு நம்பரை நானே போட்டேன்னா என் வேலை போயிடும். எனக்கும் புள்ளைங்க இருக்கு." கண்ணாடியைக் கழற்றினார். "மத்தியானத்துக்குள்ள இதை அனுப்பணும். ஒரு சர்க்கரை, ஒரு பிரஷராவது இருந்தா பரவாயில்ல. உங்களுக்கு ரத்தம் காளைமாட்டு ரத்தம் மாதிரி இருக்கு."

"மூச்சு நிக்குது" என்றாள் அவள்.

"ஏய்."

"தூங்கும்போது மூச்சு நிக்குது சிஸ்டர். ஒரு வருஷமா. நான் கட்டிலை உதைச்சாத்தான் வருது."

"ஏய், வாயை மூடுடி!"

"நான் மூடிட்டுத்தான் இருந்தேன். மூடிட்டு ஈயம் தைச்சேன். அதுவும் கீழ விழுந்தாச்சு." கையைப் புடவைத் தலைப்புக்குள் சுருட்டிக்கொண்டாள். "வேலையிலயும் கண்ணு அசருது. இவர் கிரேன் ஓட்டுறவரு."

தம்பி டப்பாவிலிருந்து மாமாவின் வாட்சை எடுத்துக் கொடுக்கக் கையில் வைத்திருந்தான். அப்படியே நின்றான்.

"பேட்டரி?" என்றான்.

கிரேன்காரர் சுவரைப் பார்த்தார்.

"மாமா, உங்களைத்தான் கேக்கிறேன். அன்னிக்குப் பேட்டரிதானே?"

கிரேன்காரர் சட்டையை இழுத்து இறக்கினார்.

"இருபது டன்னு அந்தப் பெட்டி" என்றான் தம்பி. கத்தவில்லை. விலை கேட்கிறவன் மாதிரிச் சொன்னான். "கீழ நான் நின்னு சிரிச்சுட்டு இருந்தேன். அக்கா, உனக்குத் தெரியுமா இது? தெரிஞ்சேதான் நேத்து எனக்கு டீ போட்டுக் கொடுத்தியா?"

எதைச் சொன்னாலும் அது சாக்காகத்தான் இருக்கும்.

"என் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியேடி" என்றார் கிரேன்காரர். செருப்பைக்கூட மாட்டாமல் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார்.

சிஸ்டர் பெருமூச்சு விட்டார். "தூங்குற சோதனைக்கு அவர் சம்மதிச்சுக் கையெழுத்துப் போடணும். போட்டா, முடிவு வர்ற வரைக்கும் இதை நிறுத்தி வைக்கிறேன். நோய் இருக்குன்னு வந்தா இந்த நூத்திப் பதினேழே தாராளம். ஆனா ஒண்ணை மறைக்கமாட்டேன். கிரேன் ஓட்டுறவர்னு தெரிஞ்சப்புறம், சரியாகுற வரைக்கும் ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் எழுதத்தான் எழுதுவார். போய்ப் பேசிப் பாருங்க. பேசமாட்டார்னா நான் வெறும் எடையை அனுப்பத்தான் வேணும்."

தாழ்வாரத்தில் அகல நாற்காலியில் அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாதம் இரண்டும் குளிர்ந்த தரையில். தம்பி நாலு நாற்காலி தள்ளி உட்கார்ந்தான். அவள் அவருக்கு எதிரே நின்றாள்.

"கையெழுத்துப் போடுங்க."

"போடமாட்டேன்."

"அப்போ என்ன பண்ணப்போறீங்க?"

"ராத்திரி வேலைக்குப் போறேன். என்ன பண்ணுவே?"

"போங்க. ஆனா இவன் வரமாட்டான்."

"வரவேண்டாம். வேற ஆள் வருவான்."

"அவனுக்கு அக்கா இருக்கமாட்டாளா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். உன்னோடு பேச்சில்லை என்பதற்காக மூடினதுதான். ஆனால் வருஷக்கணக்காக ராத்திரி வேலை பார்த்த உடம்பு அது. பகலில் கண்ணை மூடினால் அதற்குத் தூக்கம் என்றுதான் அர்த்தம். கோபத்தைக்கூட அது பார்க்காது. கட்டின கைகள் தளர்ந்தன. முகவாய் மார்பில் இடித்தது. குறட்டை கிளம்பியது. எதிர் நாற்காலியில் இருந்த ஒரு அம்மாள் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

அப்புறம் குறட்டை நின்றது.

அவளுடைய வலது கால் தானாக நாற்காலிக் காலை நோக்கிப் போனது. உதைக்கப் போன காலைத் தரையோடு அழுத்திப் பிடித்தாள்.

மார்பு ஒரு தடவை எக்கியது. காற்று உள்ளே போகவில்லை. வயிறு மட்டும், கட்டிப்போட்ட மாடு திமிறுகிற மாதிரி, உள்ளே வெளியே என்று அடித்துக்கொண்டது. உதட்டின் நிறம் மாற ஆரம்பித்தது. சிரித்த அம்மாளின் கை வாயிலிருந்து இறங்கிவிட்டது.

தம்பி எழுந்து வந்தான். "அக்கா."

அவள் அவர் மார்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அக்கா, என்ன இது? எழுப்பு!"

"இப்படித்தான்" என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். உள்ளங்காலில் வியர்த்தது. இன்னும் ஒரு நொடி தாமதித்தால் தான் கொலைகாரி என்று தோன்றியது. இப்போது உதைத்துவிட்டால் இவன் ஒருநாளும் இதைப் பார்க்கமாட்டான் என்றும் தோன்றியது. "பாரு. நல்லாப் பாத்துக்கோ."

தம்பியின் வலது கை, அவன் அறியாமலே, தலைக்கு மேலே போய் முஷ்டியாக இறுகி நின்றது. யார்டில் அதற்கு 'நிறுத்து' என்று அர்த்தம். "மாமா!" என்று ஒரு கத்து கத்தினான், இருபது ஆள் உயரத்துக்குக் கேட்கிற கத்து.

கிரேன்காரர் வெட்டி இழுத்துக்கொண்டு விழித்தார். தொண்டையில் காற்று கிழித்துக்கொண்டு இறங்கியது. கண் இன்னும் சரியாகத் திறக்கவில்லை. அவருடைய வலது கை முன்னால் பாய்ந்து, அங்கே இல்லாத கிரேன் கம்பியைப் பிடித்து இழுத்தது.

"நிறுத்திட்டேன், நிறுத்திட்டேன்!" என்றார்.

தாழ்வாரம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர் தன் கையைப் பார்த்தார். வெறும் காற்றை இறுக்கிப் பிடித்திருந்த கை. பிறகு மேலே தூக்கின மச்சினனின் முஷ்டியைப் பார்த்தார். அவன் முகத்தைக் கடைசியாகத்தான் பார்த்தார்.

"எவ்வளவு நேரம்?" என்றார்.

தம்பி கையை இறக்கினான்.

"சொல்லுடா மச்சான். எவ்வளவு நேரம்?"

"பெட்டி கீழ வந்திருக்கும் மாமா."

கிரேன்காரர் இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்தார். ரொம்ப நேரம் தேய்த்தார். எதிரே இருந்த அம்மாள் ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "வேண்டாம்மா, ஏற்கெனவே ஒரு லிட்டர் உள்ள கெடக்கு" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவர் எழுந்தார். வெறுங்காலோடு நடந்துபோய் அந்தக் கதவைத் தட்டாமலே திறந்தார்.

"சிஸ்டர், எப்ப வந்து தூங்கணும்?"

கையெழுத்துப் போட்டு முடித்து வெளியே வந்தபோது செருப்பு மாட்டியிருந்தார். பெல்ட்டைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். அதை அவள் பக்கம் நீட்டாமல் தம்பியிடம் கொடுத்தார். அவளைப் பார்க்கவில்லை. இன்னும் எத்தனை நாளைக்குப் பார்க்கமாட்டாரோ. பரவாயில்லை, மூச்சு விட்டுக்கொண்டு பார்க்காமல் இருக்கட்டும்.

அவர் போனை எடுத்து யார்டு மேஸ்திரிக்கு அடித்தார்.

"நான்தான் பேசுறேன். ராத்திரிக்கு மேல வேற ஆளைப் போட்டுக்குங்க… இல்ல, இன்னிக்கு மட்டும் இல்ல." மறுமுனையில் ஏதோ கேட்டார்கள். அவர் நாலடி தள்ளி நின்ற தம்பியைப் பார்த்தார். பொய் சொல்ல இன்னும் இடமிருந்தது. முட்டிவலி என்று சொல்லலாம். பேட்டரி என்று சொன்ன அதே வாய்தான்.

"கண்ணு அசருது" என்றார். "ஆமா. வேலையிலதான்."

அவள் அப்போதுதான் காலை நகர்த்தினாள். அவ்வளவு நேரம் அழுத்தி வைத்திருந்ததில் மரத்துப்போயிருந்தது. பக்கத்திலிருந்த அகல நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.